வால்வு ஆம்ப் டிசைன்: ஸ்பீக்கர்ல ஆரம்பிச்சு பின்னாடி நடந்து வாங்க

வால்வு ஆம்ப், அதாவது ட்ரான்சிஸ்டருக்குப் பதிலா வேக்யூம் ட்யூப் வெச்ச ஆம்ப்ளிஃபையர், கட்டணும்னு ஆசை வந்த உடனே எல்லாரும் தேட ஆரம்பிக்கிறது எந்த வால்வு நல்லாருக்கும்னுதான், இஎல்34ஆ கேடி88ஆ 300பியான்னு. அந்தக் கேள்வி முக்கியம்தான், ஆனா அது மூணாவதா வர வேண்டிய கேள்வி. முதல்ல ஸ்பீக்கர், அடுத்து வால்வையும் ஸ்பீக்கரையும் சேர்க்கிற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர், அதுக்கப்புறம்தான் வால்வு. சிக்னல் இன்புட்ல இருந்து ஸ்பீக்கருக்குப் போகுது, டிசைன் பண்றப்போ நாம ஸ்பீக்கர்ல இருந்து இன்புட்டுக்கு வரணும். அப்படி வந்தா ஒவ்வொரு ஸ்டேஜும் அடுத்த ஸ்டேஜுக்கு எவ்வளவு தரணும்னு தானா தெரிஞ்சிடும், எந்த ரெசிஸ்டர் மதிப்பையும் கண்ணை மூடிட்டு எங்கிருந்தோ எடுத்துப் போட வேண்டி வராது. இங்க ஒரு 10 வாட் புஷ்-புல் ஆம்பை (ரெண்டு அவுட்புட் வால்வு எதிரெதிரா தள்ளி இழுக்கிற வகை) முழுசா பேப்பர்ல போட்டு முடிக்கலாம், அதுவரைக்கும் சால்டரிங் அயர்னைத் தொட வேண்டாம்.

ஒண்ண மட்டும் இப்பவே சொல்லிடறேன். இந்த சர்க்யூட்ல 400 வோல்ட்டுக்கு மேல டிசி வரும், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல அது நிக்கும். இது உயிரை எடுக்கிற வோல்டேஜ். மெயின்ஸ்ல வேலை பார்த்த பழக்கம் இல்லாதவங்க பழக்கம் இருக்கிற ஒருத்தர் பக்கத்துல இல்லாம இதைக் கட்ட வேண்டாம்.

கிளாசிக் டிசைன்னு நாம சொல்றது ஏறக்குறைய ஒரு குடும்பம். 1947ல வில்லியம்சன்ங்கிற இன்ஜினியர் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகைல ஒரு ஆம்ப் போட்டார், ரெண்டு கேடி66ஐ ட்ரையோடா (கேத்தோடு, கிரிட், ப்ளேட்னு மூணே முனை இருக்கிற வால்வு மாதிரி) கனெக்ட் பண்ணி, 15 வாட், மொத்த ஆம்பையும் சுத்தி 20 டெசிபல் நெகட்டிவ் ஃபீட்பேக், அதாவது அவுட்புட்ல ஒரு பங்கை எதிர் ஃபேஸ்ல இன்புட்டுக்குத் திருப்பிக் குடுத்து தப்பைக் குறைக்கிறது. அந்த ஃபீட்பேக் வளையத்துக்குள்ள அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்ததுதான் பெரிய விஷயம், ஏன்னா அதுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் ரொம்ப ரொம்ப நல்லதா இருக்கணும். 1951ல ஹாஃப்லரும் கெரோஸும் அல்ட்ராலீனியர் கனெக்ஷனை பிரபலமாக்கினாங்க. அப்புறம் வால்வு தயாரிச்ச முல்லார்ட் கம்பெனியே ஜனங்க வீட்டுல கட்டிக்கட்டும்னு 5-10, 5-20 சர்க்யூட்களை வெளியிட்டாங்க, குவாட் 2 வந்துச்சு, 1959ல டைனாகோ ஸ்டீரியோ 70 கிட்டாவே வந்துச்சு. எல்லாத்துலயும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒண்ணுதான்: ஒரு இன்புட் வால்வு, ஒரு ஃபேஸ் ஸ்ப்ளிட்டர் (சிக்னலை எதிரெதிர் ரெண்டா பிரிக்கிறது), ரெண்டு அவுட்புட் வால்வு, ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், எல்லாத்தையும் சுத்தி ஃபீட்பேக். நாம போடப்போறதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஒரே அவுட்புட் வால்வோட ஓடுற சிங்கிள் எண்டட் 300பி வேற பாதை, அதை இங்க எடுக்கல.

சரி, ஸ்பீக்கர். உங்க ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டி என்னன்னு பாருங்க, 88 டெசிபல்னு வெச்சுக்கலாம், அதாவது 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல 88 டெசிபல். பவர் பத்து மடங்கானா 10 டெசிபல் கூடும், அப்போ 10 வாட்டுக்கு 98 டெசிபல். வீட்டு ரூம்ல ரெண்டு ஸ்பீக்கரோட கேக்குறதுக்கு இது நல்ல சத்தம். 10 வாட்டை 20 ஆக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல்தான், ஆனா செலவு, சூடு, எடை, வோல்டேஜ் எல்லாம் டபுளுக்குப் பக்கத்துல போகும். அதனால 10 வாட்டை நான் மனசாரவே சிபாரிசு பண்றேன். சென்சிடிவிட்டி 84, 85ன்னு இருக்கிற ஸ்பீக்கரா இருந்தா இந்த டிசைன் பத்தாது, அதுக்குக் கடைசில ஒரு வழி சொல்றேன்.

8 ஓம்ல 10 வாட்னா வோல்டேஜ் என்ன? 80க்கு வர்க்கமூலம், 8.94 வோல்ட் ஆர்எம்எஸ். கரண்ட் 1.1 ஆம்ப். இந்த ரெண்டு நம்பரையும் பேப்பரோட வலது ஓரத்துல எழுதுங்க. இடது ஓரத்துல இன்புட். டிஏசி (டிஜிட்டல் சிக்னலை ஆடியோவா மாத்துற பெட்டி), சிடி ப்ளேயர் மாதிரி எல்லாம் 2 வோல்ட் வரைக்கும் தரும், ஆனா எல்லா ரெக்கார்டிங்கும் ஃபுல் லெவல்ல இருக்காது, அதனால 0.9 வோல்ட்டுக்கே ஃபுல் பவர் வர்ற மாதிரி வெச்சா வால்யூம் கண்ட்ரோல் வசதியா இருக்கும். 8.94ஐ 0.9ஆல வகுத்தா கிட்டத்தட்ட 10. ஆக, ஃபீட்பேக் போட்ட பிறகு மொத்த ஆம்பும் பத்து மடங்கு பெருக்கினா போதும். இதுதான் நம்ம ஸ்பெசிஃபிகேஷன்: 8 ஓம்ல 10 வாட், கெயின் 10, ஃபீட்பேக் 15ல இருந்து 20 டெசிபல் வரைக்கும்.

ட்ரான்ஸ்ஃபார்மருக்கு வேண்டிய லோடு நம்பர் வால்வு டேட்டாஷீட்ல இருந்துதான் வரும், அதனால முதல்ல வால்வை ஒரு தடவை பார்த்துடுவோம். 10 வாட் புஷ்-புல்லுக்கு இஎல்84 மாதிரி பொருத்தமான வால்வு வேற எனக்குத் தோணல. சின்னது, 300 வோல்ட்டோட நின்னுடும், சிக்னல் உள்ள போற கிரிட்டுக்கு 11 வோல்ட் பீக் குடுத்தாலே முழுசா ஓடும், அதனால முன்னாடி இருக்கிற ஸ்டேஜ் எல்லாம் நிம்மதியா வேலை செய்யும். ப்ளேட் டிஸிப்பேஷன் லிமிட், அதாவது எலக்ட்ரான் வந்து சேர்ற ப்ளேட் தாங்குற சூடு, 12 வாட், ப்ளேட் வோல்டேஜ் லிமிட் 300. டேட்டாஷீட்ல புஷ்-புல் பென்ட்டோடுக்கு (ஸ்க்ரீனையும் சேர்த்து அஞ்சு முனை இருக்கிற வால்வு) 300 வோல்ட், ப்ளேட்டுக்கு ப்ளேட் 8000 ஓம் லோடு, சும்மா இருக்கும்போது ஒரு வால்வுக்கு 36 மில்லிஆம்ப், அவுட்புட் 17 வாட்னு போட்டிருக்கும். நாம அதை அல்ட்ராலீனியரா ஓட்டப்போறோம், அதாவது ஸ்க்ரீன் கிரிட்டை நேரா சப்ளைல குடுக்காம ட்ரான்ஸ்ஃபார்மர் ப்ரைமரில 43 சதவீதத்துல இருக்கிற டேப்ல குடுக்கிறது. பவர் கொஞ்சம் குறையும், டிஸ்டார்ஷனும் அவுட்புட் இம்பீடன்ஸும் நல்லாவே குறையும். 17ல இருந்து குறைஞ்சு, ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஒரு பத்து சதவீதம் போயி, 10 வாட் சுத்தமா நிக்கும்.

ஏன் புஷ்-புல்? ரெண்டு வால்வோட டிசி கரண்ட்டும் ட்ரான்ஸ்ஃபார்மர் கோர்ல எதிரெதிரா ஓடி அடிச்சிக்கிடும், அதனால கோர்ல ஏர் கேப் வேண்டாம், சின்ன கோர்லயே நிறைய இண்டக்டன்ஸ் கிடைக்கும். ரெண்டாவது ஹார்மோனிக்கும் கேன்சலாகும், பவர் சப்ளைல இருந்து வர்ற ஹம்மும் பெரும்பகுதி கேன்சலாகும். அதுக்குப் பதிலா நீங்க தர வேண்டியது ரெண்டு வால்வும் ஒரே கரண்ட் எடுக்கணும்ங்கிற கட்டுப்பாடு. மேட்ச்டு பேர் வாங்குங்க.

இங்கதான் ட்ரான்ஸ்ஃபார்மர் வருது, இதுல கொஞ்சம் நிதானமா நிப்போம், ஏன்னா வால்வு ஆம்போட சவுண்டுல பாதிக்கு மேல இதோட கையிலதான் இருக்கு. 8000 ஓமை 8 ஓமா மாத்தணும், இம்பீடன்ஸ் ரேஷியோ 1000, டர்ன்ஸ் ரேஷியோ அதோட வர்க்கமூலம் 31.6. ஸ்பீக்கர்ல 8.94 வோல்ட் வேணும்னா ப்ரைமரி முழுசுக்கும் 283 வோல்ட் ஆர்எம்எஸ், பீக்ல 400, ஒரு ப்ளேட்டுக்கு 200 பீக். ப்ளேட் 300ல இருந்து 100 வரைக்கும் இறங்கினா போதும்னு அர்த்தம், இஎல்84 அதுக்குக் கீழயும் இறங்கும், அப்போ நமக்கு இடம் இருக்கு. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க, ரொம்பப் பிடிச்ச கணக்கு எனக்கு: ஒவ்வொரு வால்வும் 36 மில்லிஆம்ப்ல சும்மா இருக்கு, ரெண்டுமே கட்டாஃப் ஆகாம, அதாவது கரண்ட் நின்னுபோகாம, ஓடுற வரைக்கும் கிளாஸ் ஏ, அந்த எல்லை வரைக்கும் கிடைக்கிற பவர் 0.036ஐ வர்க்கம் பண்ணி 8000ஆல பெருக்கி ரெண்டால வகுத்தா 5.2 வாட். அதாவது நீங்க சாதாரணமா கேக்குற சத்தம் முழுக்க கிளாஸ் ஏலயே ஓடுது, பெரிய பீக் வரும்போதுதான் கிளாஸ் ஏபிக்குப் போகுது.

ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது விக்கிறவங்க கிட்ட கேக்க வேண்டியது ப்ரைமரி இண்டக்டன்ஸ், லீக்கேஜ் இண்டக்டன்ஸ், ப்ரைமரி டிசி ரெசிஸ்டன்ஸ், எந்த ஃப்ரீக்வென்சில எத்தனை வாட்ங்கிறது. 20 ஹெர்ட்ஸ்ல ரியாக்டன்ஸ் 8000 ஓமுக்குக் கீழ போகக்கூடாதுன்னா 64 ஹென்றி வேணும். வெறும் 10 வாட்னு சொன்னா பத்தாது, 30 ஹெர்ட்ஸ்ல 10 வாட் கோர் சாச்சுரேட் ஆகாம தாங்குமான்னு கேளுங்க, சின்ன கோரை வெச்சு 1 கிலோஹெர்ட்ஸ்ல 10 வாட்னு எழுதுறது சுலபம். லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (ப்ரைமரியோட காந்தம் செகண்டரியைச் சேராம சிந்துற பங்கு) குறைய குறைய மேல் ஃப்ரீக்வென்சி தூரமா போகும், ஃபீட்பேக் போடும்போது ஆசிலேஷன் (ஆம்ப் தானா ஊளையிடுறது) வராம இருக்க அதுதான் காப்பாத்தும். ப்ரைமரியையும் செகண்டரியையும் பல பகுதியா பிரிச்சு மாத்தி மாத்தி சுத்தினா லீக்கேஜ் குறையும், நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் விலை ஏறுறதுக்குக் காரணமே அந்த உழைப்புதான். காசு குறைவா இருந்தா கெப்பாசிட்டர்ல, வால்வு பிராண்டுல, கேபினட்ல குறைச்சுக்கோங்க, இதுல குறைக்காதீங்க. டொராய்டல் கோர் வாங்கினா டிசி பேலன்ஸ்ல இன்னும் கவனமா இருக்கணும், ஏர் கேப்பே இல்லாத கோர் கொஞ்சம் டிசி வித்தியாசத்துக்கே சாச்சுரேட் ஆகிடும்.

பயாஸுக்கு, அதாவது சும்மா இருக்கும்போது ஓடுற கரண்ட்டை நிர்ணயிக்க, கேத்தோடு ரெசிஸ்டர் போடலாம், ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியா 270 ஓம். ப்ளேட் 36, ஸ்க்ரீன் 4, மொத்தம் 40 மில்லிஆம்ப், 270ஆல பெருக்கினா 10.8 வோல்ட். ரெசிஸ்டர்ல சூடாகிறது 0.43 வாட், 3 வாட் ரெசிஸ்டர் போடுங்க. அதுக்குக் குறுக்க 220 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர். தனித்தனியா போடுறதுல லாபம் என்னன்னா, வால்வு வயசானாலும் அதது தன்னைத்தானே சரி பண்ணிக்கும், மீட்டரை வெச்சு ஒவ்வொண்ணோட கரண்ட்டையும் அளக்கவும் முடியும். 300 வோல்ட் x 36 மில்லிஆம்ப் 10.8 வாட், லிமிட் 12, சரியா இருக்கு. கண்ட்ரோல் கிரிட்டுக்கு 4.7கே (கேன்னா ஆயிரம் ஓம்) ஸ்டாப்பர் ரெசிஸ்டரை சாக்கெட் பின்லயே ஒட்டி வைங்க, ஸ்க்ரீனுக்கு 100 ஓம். இஎல்84 துடிப்பான வால்வு, ஸ்டாப்பர் இல்லேன்னா காதுக்குக் கேக்காத ஃப்ரீக்வென்சில ஆசிலேட் ஆகி சூடாகும். கிரிட்ல இருந்து கிரவுண்டுக்குப் போற கிரிட் லீக் ரெசிஸ்டர் 470கே, கேத்தோடு பயாஸ்ல 1 மெகாஓம் வரைக்கும் அனுமதி இருக்கு, அதனால கவலை இல்ல.

இந்த வால்வுகளுக்கு ஃபுல் பவர்ல ஒவ்வொரு கிரிட்டுக்கும் கிட்டத்தட்ட 8 வோல்ட் ஆர்எம்எஸ், 11 பீக், எதிரெதிர் ஃபேஸ்ல வேணும். 11 பீக்னா சரியா 7.8 வோல்ட், அது உள்ள போய் ஸ்பீக்கர்ல 9 வருதுன்னா அவுட்புட் ஸ்டேஜோட கெயின் சுமார் 1.2ன்னு எடுத்துக்கலாம், சின்ன சிக்னல்ல இதுக்குப் பக்கத்துலதான் இருக்கும். எழுதிக்கோங்க.

ஃபேஸ் ஸ்ப்ளிட்டருக்கு லாங் டெயில்டு பேர், ஃப்ளோட்டிங் பாராஃபேஸ், கேத்தோடைன்னு மூணு நாலு வழி இருக்கு. முல்லார்ட் சர்க்யூட்கள்ல லாங் டெயில்டு பேர், வில்லியம்சன்லயும் டைனாகோலயும் கேத்தோடைன். நமக்கு 11 வோல்ட் பீக்தான் வேணும், அதனால கேத்தோடைனே தாராளம். ஒரே ட்ரையோடு, ப்ளேட்லயும் கேத்தோடுலயும் ஒரே மதிப்பு ரெசிஸ்டர், ரெண்டு ரெசிஸ்டர் வழியாவும் ஒரே கரண்ட் ஓடுறதால ரெண்டு அவுட்புட்டும் சமமா இருந்தே ஆகணும். பேலன்ஸ் ப்ரீசெட்டு தேவையில்ல. கெயின் மட்டும் ஒண்ணுக்குக் கொஞ்சம் கீழ. ரெசிஸ்டர் ரெண்டையும் மீட்டர்ல அளந்து ஒரு சதவீதத்துக்குள்ள ஜோடி சேருங்க, அவ்வளவுதான்.

இதுக்கு 12ஏயூ7 பாதி எடுத்துக்கலாம், 33கே மேலயும் 33கே கீழயும். கேத்தோடு 109 வோல்ட்ல நிக்கணும்னா 3.3 மில்லிஆம்ப். சப்ளை 297னா ப்ளேட் 188. நடுவுல வால்வுக்கு மிச்சம் 79 வோல்ட், நாம கேக்குற ஸ்விங்குக்கு இது போதும். கெயின் கணக்கு பண்ணா 0.88 வரும்.

இன்புட் ஸ்டேஜுக்கு 12ஏஎக்ஸ்7 பாதி. ம்யூ, அதாவது வால்வு பெருக்கக்கூடிய உச்ச அளவு, 100, அதனால ஒரே ஸ்டேஜ்ல தேவையான கெயின் முழுசும் கிடைச்சிடும். சப்ளை 250, ப்ளேட் ரெசிஸ்டர் 220கே, கேத்தோடுல 1.2கே போட்டு அதுக்குக் குறுக்க 220 மைக்ரோ பைபாஸ் கெப்பாசிட்டர், அதுக்குக் கீழ பைபாஸ் இல்லாம 100 ஓம். கரண்ட் 0.65 மில்லிஆம்ப் பக்கத்துல வரும், ப்ளேட் சுமார் 107 வோல்ட். கேத்தோடைனோட கிரிட்டுக்கு வேண்டியதும் அதே 107தான், அதனால ரெண்டையும் கப்ளிங் கெப்பாசிட்டரே இல்லாம நேரா ஒயர்ல சேர்த்துடலாம். இதுல ஒரு கெப்பாசிட்டர் மிச்சமாகுது, அதை விடப் பெரிய லாபம் ஒண்ணும் இருக்கு: கீழ் ஃப்ரீக்வென்சில ஃபேஸைத் திருப்புற இடங்கள்ல ஒண்ணு போயிடுது. மிச்சம் இருக்கிறது கேத்தோடைன்ல இருந்து இஎல்84க்குப் போற ஒரு கப்ளிங்கும் ட்ரான்ஸ்ஃபார்மரும்தான், ரெண்டே ரெண்டு. ஃபீட்பேக் போட்ட பிறகு ஸ்பீக்கர் கோன் மெதுவா முன்னும் பின்னும் ஆடுற வியாதி இந்த டிசைன்ல கிட்டவே வராது. அந்தக் கப்ளிங்குக்கு 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர், 470கே கூட சேர்ந்து 3.4 ஹெர்ட்ஸ்.

12டிடபிள்யூ7ன்னு ஒரு வால்வு இருக்கு, ஒரே பாட்டில்ல ஒரு பாதி 12ஏஎக்ஸ்7 மாதிரி, இன்னொரு பாதி 12ஏயூ7 மாதிரி. இந்த மாதிரி வேலைக்குன்னே வந்தது, ஒரு சேனலுக்கு ஒண்ணு போட்டா மோனோ ப்ளாக் அழகா முடியும். கிடைக்கலேன்னா ஸ்டீரியோவுக்கு ஒரு 12ஏஎக்ஸ்7ஐ ரெண்டு சேனல் இன்புட்டுக்கும் ஒரு 12ஏயூ7ஐ ரெண்டு கேத்தோடைனுக்கும் பங்கு போட்டுக்கலாம்.

இப்போ கெயினைக் கூட்டிப் பாருங்க. இன்புட் ஸ்டேஜ் சுமார் 65, கேத்தோடைன் 0.88, அவுட்புட் 1.2, மூணையும் பெருக்கினா 69, சரி 70ன்னு வைப்போம். நமக்கு வேண்டியது 10. மிச்சம் ஏழு மடங்கை ஃபீட்பேக்குக்குக் குடுக்கிறோம், 17 டெசிபல். ஸ்பீக்கரோட 8 ஓம் டெர்மினல்ல இருந்து ஒரு 1கே ரெசிஸ்டரை இன்புட் கேத்தோடுல இருக்கிற அந்த 100 ஓமோட மேல் முனைக்குக் கொண்டு வாங்க, ஃபீட்பேக் பங்கு 100 கீழே 1100, கெயின் 9.5ல வந்து நிக்கும். டிஸ்டார்ஷனும் அவுட்புட் இம்பீடன்ஸும் அதே ஏழு மடங்கு அளவுல குறையும், ஸ்பீக்கரோட இம்பீடன்ஸ் ஃப்ரீக்வென்சிக்கு ஃப்ரீக்வென்சி ஏறி இறங்குறப்போ சவுண்டோட டோன் கூடவே மாறாம இருக்கிறதுக்கு இது வேணும். ஃபீட்பேக்கே கெட்டதுன்னு சொல்றவங்க இருக்காங்க, நான் அதை ஒத்துக்கல. மோசமான ட்ரான்ஸ்ஃபார்மரைச் சுத்தி 30 டெசிபல் போட்டா கெடும். நல்ல ட்ரான்ஸ்ஃபார்மரைச் சுத்தி 17 டெசிபல் போட்டா பேஸ் கட்டுக்குள்ள வரும், குரல் தெளியும்.

பவர் சப்ளை. ப்ளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவுல 300, கேத்தோடு 11, ட்ரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்ல ஒரு 5, ஆக 316 வோல்ட் வேணும், கரண்ட் ஒரு சேனலுக்கு 80ம் 4ம் 84 மில்லிஆம்ப், ஃபுல் பவர்ல 100ஐத் தாண்டும். ஏசியை டிசி ஆக்குற ரெக்டிஃபையர் வால்வு இஇசட்81 போதும், 150 மில்லிஆம்ப் தரும், அதோட ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவுல 500 வோல்ட் தாங்கும், அதனால அதே 6.3 வோல்ட் வைண்டிங்லயே ஓட்டலாம். மெதுவா சூடாகி மெதுவா எச்டியை, அதாவது வால்வுகளுக்குப் போற உயர் டிசி வோல்டேஜை, ஏத்தும், நேரா சேர்த்த கேத்தோடைனுக்கு அது ரொம்ப நல்லது. முதல் கெப்பாசிட்டர் 50 மைக்ரோவைத் தாண்டக்கூடாது, அது அந்த வால்வோட லிமிட், பெருசா போட்டா சார்ஜிங் கரண்ட்ல வால்வு போயிடும். அதுக்கப்புறம் 10 ஹென்றி சோக், அதுல ஒரு 17 வோல்ட் விழும், அப்புறம் இன்னொரு 50 மைக்ரோ. மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் செகண்டரி 290-0-290ல இருந்து 300-0-300க்குள்ள கேளுங்க, கடைசி 10 வோல்ட்டை சோக்குக்கு சீரிஸா ஒரு ரெசிஸ்டர் போட்டு சரி பண்ணிக்கலாம். வால்வுங்க சூடாகி இழுக்கிறதுக்கு முன்னாடி 300 x 1.414, 424 வோல்ட் எழும்பும், மெயின்ஸ் கூட இருக்கிற நாள்ல இன்னும் மேல, அதனால கெப்பாசிட்டர் எல்லாம் 500 வோல்ட் ரேட்டிங். 316ல இருந்து 4.7கே வழியா 22 மைக்ரோவுக்கு வந்தா கேத்தோடைனுக்கு 297, அங்கிருந்து 68கே வழியா இன்னொரு 22 மைக்ரோவுக்கு வந்தா இன்புட்டுக்கு 250க்கு ரெண்டு மூணு வோல்ட் மேல. முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்க 220கே, 3 வாட் ப்ளீடர் (சார்ஜை வடிக்கிற ரெசிஸ்டர்) கண்டிப்பா வேணும். அது இருந்தாலும் காலியாக ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், மீட்டரை வெச்சுப் பார்த்துட்டுத்தான் கையை வைக்கணும்.

ஹீட்டர்: ரெண்டு இஎல்84க்கு 1.52 ஆம்ப், சின்ன வால்வுக்கு 0.3, ரெக்டிஃபையருக்கு 1, மொத்தம் 2.8 ஆம்ப். 4 ஆம்ப் வைண்டிங் எடுங்க. சென்டர் டேப் இல்லேன்னா ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டரால நடுப்புள்ளி உண்டாக்கி, அதை எச்டில இருந்து டிவைடர் போட்டு எடுத்த 40 வோல்ட்ல வைங்க. ஹம் குறையும், 109 வோல்ட்ல நிக்கிற கேத்தோடைன் கேத்தோடுக்கும் நிம்மதி. ஹீட்டர் ஒயரை இறுக்கி முறுக்கி சேஸிஸ் மூலையோட ஒட்டி ஓட்டணும்.

லேஅவுட்டுக்கு நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல. மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரும் இன்புட் சாக்கெட்டும் எதிரெதிர் மூலை, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரோட கோர் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு 90 டிகிரி திரும்பி இருக்கணும். கிரவுண்ட் ஒயர் முதல் கெப்பாசிட்டர்ல ஆரம்பிச்சு இன்புட் வரைக்கும் சப்ளை வர்ற அதே வரிசைல போகட்டும், சேஸிஸை ஒரே இடத்துல, இன்புட் பக்கத்துல தொடட்டும். மெயின்ஸ் எர்த் தனியா, நேரா சேஸிஸ்ல போல்ட் போட்டு. ஹம் வருதுன்னு எர்த்தைக் கழட்டுறது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

முதல் தடவை பவர் குடுக்கும்போது ஃபீட்பேக் ரெசிஸ்டரைக் கழட்டி வைங்க, அவுட்புட்ல 8 ஓம் டம்மி லோடு, 20 வாட் ரெசிஸ்டர். லோடு இல்லாம சிக்னல் குடுத்தா ப்ரைமரில வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் ஓட்டையாகும். சீரிஸ் பல்ப் வழியா பவர் குடுத்து எங்கயும் ஷார்ட் இல்லேன்னு பார்த்த பிறகு நேரடி மெயின்ஸ். அஞ்சு நிமிஷம் விட்டு அளங்க: இஎல்84 கேத்தோடு 10ல இருந்து 11 வோல்ட், ரெண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள்ள, இன்புட் ப்ளேட் 107, கேத்தோடைன் கேத்தோடு அதை விட ரெண்டு வோல்ட் மேல, ப்ளேட் 188, எச்டி 316. பத்து சதவீதம் ஏற இறங்க இருந்தா பரவாயில்ல. கேத்தோடைன் புள்ளி ரொம்ப விலகினா அந்த 1.2கேவை ஒரு படி ஏத்தி இறக்கிப் பாருங்க, அதுதான் மொத்தத்தையும் நகர்த்துற சாவி.

அப்புறம் ஃபீட்பேக்கை சேருங்க. சேர்த்த உடனே சத்தம் குறைஞ்சா ஃபேஸ் சரி. ஊளையிட்டா உடனே ஆஃப் பண்ணி, ப்ரைமரியோட ரெண்டு ப்ளேட் ஒயரையும் இடம் மாத்துங்க, கூடவே அல்ட்ராலீனியர் டேப் ரெண்டையும் மாத்தணும், டேப்பை மறந்தா ஸ்க்ரீனுக்கு எதிர் ஃபேஸ் போயிடும்.

கடைசி வேலைக்கு ஆசிலோஸ்கோப் வேணும். 10 கிலோஹெர்ட்ஸ் ஸ்கொயர் வேவ் குடுத்து டம்மி லோடுல பாருங்க. முனைல ஒரு துள்ளல் வந்து ரெண்டாவது ஆட்டத்துலயே அடங்கிட்டா நல்லது. நிறைய ஆட்டம் இருந்தா ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குக் குறுக்க 220 பிகோஃபாரட்ல ஆரம்பிச்சு 1 நானோ வரைக்கும் ஏத்திப் பாருங்க. அது பத்தலேன்னா இன்புட் வால்வோட 220கேக்குக் குறுக்க 47 பிகோவும் 10கேவும் சீரிஸா. அப்புறம் லோடுக்குக் குறுக்க ஒரு 0.1 மைக்ரோ, அடுத்து 0.22 மைக்ரோ போட்டுப் பாருங்க, அதுலயும் ஆசிலேட் ஆகாம நின்னாத்தான் உண்மையான ஸ்பீக்கரையும் நீளமான கேபிளையும் தாங்கும். சிமுலேஷன்ல இதெல்லாம் வராது, ஒவ்வொரு ட்ரான்ஸ்ஃபார்மரோட மேல் ஃப்ரீக்வென்சி குணமும் வேற வேற, அதனால இந்த ரெண்டு மதிப்பை மட்டும் யாரோட சர்க்யூட்ல இருந்தும் காப்பி அடிக்க முடியாது.

சென்சிடிவிட்டி குறைஞ்ச ஸ்பீக்கர் வெச்சிருக்கிறவங்களுக்கு 20 வாட் வேணும்னா இஎல்34 ஜோடி, ப்ளேட்டுக்கு ப்ளேட் 6.6கே, எச்டி 430 வோல்ட் பக்கம், ஒவ்வொண்ணுக்கும் 1.5 ஆம்ப் ஹீட்டர், ரெக்டிஃபையர் ஜிஇசட்34. கிரிட்டுக்கு 11 வோல்ட்டுக்குப் பதிலா 30 வோல்ட்டுக்கு மேல பீக் வேணும், அதனால இந்தக் கேத்தோடைனை அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க, முல்லார்ட் 5-20ல இருக்கிற மாதிரி முன்னாடி ஒரு பென்ட்டோடும் பின்னாடி லாங் டெயில்டு பேருமா போட்டு, வலது ஓரத்துல 12.6 வோல்ட்னு எழுதி அங்கிருந்து கணக்கை ஆரம்பிங்க.